எந்தச் சித்தி?

ஆஸ்பத்திரியில் அவளை எல்லாரும் ‘வலிக்காதக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். பதினாறு வருஷம் கீழ்த்தளத்து லேபில் ரத்தம் எடுத்தவள். ஊசியைக் கையில் எடுக்கும்போதே “வலிக்காது, வலிக்காது” என்று ஆரம்பித்து, பஞ்சை வைத்து அழுத்தும்வரை சொல்லிக்கொண்டே இருப்பாள். வலிக்கத்தான் செய்யும். ஆனால் அவள் பேச்சைக் கேட்கிற மும்முரத்தில் அது நமக்கு உறைக்காது. “அந்த வலிக்காத அக்கா வந்தாத்தான் கையை நீட்டுவேன்” என்று குழந்தைகள் அடம்பிடிப்பார்கள். பெரியவர்களும் அதே அடத்தைத்தான் பிடிப்பார்கள், கொஞ்சம் கௌரவமாக.

எனக்கும் அவளுக்கும் ஒரே வயது, அப்போது முப்பத்தொன்பது. நான் மூன்றாவது மாடியில், மரபணுப் பிரிவின் வரவேற்பு மேஜையில் இருப்பவள். டோக்கன் கொடுப்பது, படிவம் நிரப்புவது, மேஜைமேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு பேசுகிறவர்களை முறைப்பது, இவைதான் என் வேலை. மூன்றாவதை யாரும் என்னிடம் செய்யச் சொல்லவில்லை, நானாகவே எடுத்துக்கொண்டேன்.

ஒரு நாள் மதியம் அவள் என் மேஜைக்கு வந்து சாப்பாட்டு டப்பாவை டொக்கென்று வைத்தாள். “ஏய், மரபணு ரிப்போர்ட்ல ‘அர்த்தம் தெளிவாகாத மாற்றம்’னு போட்டிருந்தா என்ன அர்த்தம்?”

“தெளிவாகலேன்னு அர்த்தம்.”

“வெளையாடாதே. ஒரு அப்பா வந்து பேப்பரை நீட்டி, இதுல என்ன போட்டிருக்குன்னு சொல்லுங்கக்கான்னு கேட்டார். நான் பாட்டுக்கு, ஒண்ணும் இல்லைங்க, தைரியமா போங்கன்னு சொல்லிட்டேன். நிஜமாவே ஒண்ணும் இல்லையா?”

“எனக்கென்னடி தெரியும்? அதை எடுத்துச் சொல்றதுக்குன்னே உள்ள ஒரு மேடம் இருக்காங்களே.”

“அந்த மேடம் என்ன படிச்சாங்க?”

இந்த ஒரு கேள்வியோடு என் நிம்மதி போயிற்று. மரபணு ஆலோசகர் ஆவதற்கு ஒரு முதுகலைப் படிப்பு இருக்கிறது, எங்கள் ஆஸ்பத்திரியை ஒட்டிய கல்லூரியிலேயே இருக்கிறது, இரண்டு வருஷம், பத்தே இடம். உயிர்வேதியியலில் பட்டம் வாங்கிவிட்டு அதைப் பரணில் போட்டு வைத்திருந்தவள், அதைத் தூசி தட்டி எடுத்தாள். நுழைவுத் தேர்வு முடிவு வந்த அன்று லிஃப்டுக்குக் காத்திருக்கப் பொறுமையில்லாமல் மூன்று மாடியும் படியேறி ஓடி வந்து, என் கூடத்தில் நின்று “கெடைச்சிடுச்சு!” என்று ஒரு கத்து கத்தினாள். டோக்கனோடு காத்திருந்த முப்பது பேரும் எதற்கென்றே தெரியாமல் கைதட்டினார்கள். நான் அழுதேன். சும்மா கண் கலங்கியது என்றெல்லாம் மழுப்ப மாட்டேன், மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதேன்.

வகுப்பில் மற்ற ஒன்பது பேரும் இருபத்திரண்டு வயதுப் பிள்ளைகள். கல்லூரியில் சேர மருத்துவப் பரிசோதனை வேண்டும் என்பதால் ஒன்பது பேருக்கும் ரத்தம் எடுத்தவள் இவள்தான். முதல் நாள் இவள் வகுப்புக்குள் நுழைந்ததும் ஒன்பது பேரும் முழங்கையைத் தடவிக்கொண்டார்களாம்.

படிப்பு அவளுக்குப் பித்துப் பிடித்த மாதிரி பிடித்துவிட்டது. வீட்டில் ஒரே மேஜையில் ஒரு பக்கம் ஒன்பதாம் வகுப்பு மகள், எதிர்ப்பக்கம் இவள். யார் முதலில் பாடத்தை முடிக்கிறார்கள் என்று பந்தயம். பள்ளி வேன் ஓட்டுகிற அவள் வீட்டுக்காரர், “என் வேன்ல மட்டும் நாப்பது பேர், வீட்டுக்கு வந்தா இன்னும் ரெண்டு பேர்” என்று அலுத்துக்கொண்டே இரண்டு பேருக்கும் டீ போட்டுக் கொடுப்பார்.

எல்லாவற்றையும்விட அவளுக்குப் பிடித்தது குடும்ப வரைபடம். ஆண் என்றால் சதுரம், பெண் என்றால் வட்டம், கல்யாணத்துக்குக் குறுக்குக் கோடு, சொந்தத்துக்குள்ளேயே கட்டிக்கொண்டால் இரட்டைக் கோடு, நோய் உள்ளவர்களைக் கறுப்படித்து விடவேண்டும். மூன்று தலைமுறை வரைந்தால்தான் ஒரு நோய் எந்த வழியாக இறங்கி வருகிறது என்று தெரியும். லிஃப்ட் ஆபரேட்டரை விடவில்லை, காவலாளியை விடவில்லை, என்னையும் பிடித்து உட்காரவைத்தாள். பழைய காலண்டர் தாள் மூன்றை ஒட்டியும் என் குடும்பம் அதில் அடங்கவில்லை. “உன் குடும்பமாடி இது, வாக்காளர் பட்டியலா?” என்றாள்.

அதைவிட மோசம், உறவுமுறை எதையும் அவள் நம்ப மாட்டாள். “அண்ணன்னா கூடப்பிறந்த அண்ணனா, பெரியப்பா பையனா? மாமான்னா உங்கம்மாவோட தம்பியா, அத்தை வீட்டுக்காரரா, மாமனாரா?” அப்படிக் குடைந்ததில், முப்பத்தொன்பது வருஷமாக நான் ‘மாமா’ என்று உருகிக்கொண்டிருந்தவர் எங்கள் அப்பாவோடு தினமும் பஸ்ஸில் போனவர், அவ்வளவுதான் என்பது வெளியே வந்தது. ஒரு நாள் முழுக்க நான் அவளோடு பேசவில்லை.

அவளுக்கு வராதது ஒன்றே ஒன்று, வாயை மூடிக்கொண்டிருப்பது. இவர்களுக்குப் பாடம் எடுக்கிற, எங்கள் பிரிவின் மேடத்துக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் ‘ஏழு மேடம்’. கெட்ட செய்தி ஒன்றைச் சொன்னால், சொல்லிவிட்டு மனதுக்குள் ஏழு எண்ண வேண்டும். எதிரில் இருப்பவர் அழட்டும், கோபப்படட்டும், நாம் குறுக்கே விழக்கூடாது என்பார். ‘கவலைப்படாதீங்க’ என்ற சொல்லுக்கு அந்த வகுப்பில் தடை. இவள் முதல் தடவை மூன்று வரை எண்ணிவிட்டு “தண்ணி குடிக்கறீங்களா?” என்று கேட்டுவிட்டாளாம். வீட்டுக்காரரிடம் பழகிப் பார்த்திருக்கிறாள். அவர் “வேன்ல பிரேக் சரியில்ல” என்று சொல்ல, இவள் ஏழு எண்ணிவிட்டு, “இதைச் சொல்லும்போது உங்களுக்கு எப்படி இருக்கு?” என்று கேட்டாளாம். “பயமா இருக்கு. பிரேக்கை நெனச்சு இல்ல, உன்னை நெனச்சு” என்றாராம் அவர்.

இப்படியே இரண்டு வருஷம் ஓடி, கடைசித் தேர்வுக்கு வந்தது. நிஜமான ஒரு குடும்பத்தோடு அவள் தனியாக உட்கார்ந்து பேச வேண்டும். மேடம் மூலை நாற்காலியில் வாய் திறக்காமல் இருந்து மதிப்பெண் போடுவார். மற்றதில் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் பரவாயில்லை; குடும்ப வரைபடம் தப்பானால் தேர்ச்சி கிடையாது. எங்கள் பிரிவில் ஓர் ஆலோசகர் இடம் காலியாகியிருந்தது. திங்கட்கிழமை நேர்காணல். தேர்வு அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை. தேறினால் திங்கட்கிழமை அந்த நாற்காலி அவளுக்குத்தான் என்று நாங்கள் எல்லாரும் முடிவே கட்டிவிட்டோம்.

வெள்ளிக்கிழமை காலை பதினோரு மணிக்கு வந்தது ஓர் இளம் ஜோடி. பெண்ணுக்கு இருபத்தாறு வயது, ஒன்பது வாரக் கர்ப்பம். கணவன் கோப்பை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தான். படிவத்தை நான்தான் நிரப்பினேன். “வீட்டுல யாருக்கும்மா பிரச்சனை?”

“சித்தி பையனுக்கு. தசைச் சிதைவு நோய்.”

கம்ப்யூட்டரில் ஒரு பட்டியல் வரும், அதில் ஒன்றைத் தட்ட வேண்டும். ‘தாயின் சகோதரியின் மகன்’ என்பதைத் தட்டினேன். எங்கள் வீட்டில் சித்தி என்றால் அம்மாவின் தங்கைதான். அப்பாவின் தம்பி மனைவியை நாங்கள் சின்னம்மா என்போம். வேறு ஒரு சித்தி உலகத்தில் இருப்பாள் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

உள்ளே ஐம்பது நிமிஷம். அங்கே நடந்ததை அவள் பின்னால் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அந்தப் பையன் எட்டு வயதுவரை நடந்தவன், அப்புறம் சக்கர நாற்காலி, இப்போது பதினாலு. அந்தப் பெண் அவனோடு ஒரே வீட்டில் வளர்ந்தவள், பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அவனை இடுப்பில் தூக்கிக்கொண்டு திரிந்தவள். கர்ப்பம் என்று இவர்கள் இன்னும் ஒருவரிடமும் சொல்லவில்லை, பெற்ற அம்மாவிடம்கூட. “எங்களுக்கும் அப்படி ஒரு குழந்தைன்னா எங்களால முடியுமான்னு தெரியல. வேண்டாம்னு முடிவெடுத்தா, அப்புறம் சித்தி முகத்தை எப்படிப் பாக்கறது?” என்று அந்தப் பெண் கேட்டதாம்.

இவள் எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தாள். ஏழுக்குப் பதினாலு எண்ணினாள். மாமா, அத்தை எல்லாரையும் துருவித் துருவிக் கேட்டாள். சித்தியை மட்டும் கேட்கவில்லை. இவள் அம்மாவுக்கு நாலு தங்கைகள், அப்பாவோ ஒரே பிள்ளை. பிறந்ததிலிருந்து இவளுக்குச் சித்தி என்றால் ஒரே வகைதான். கையில் இருந்த என் படிவமும் அதையே சொன்னது. அம்மாவுக்கு ஒரு தம்பி, ஒரு தங்கை என்று அந்தப் பெண் சொன்னதும் எல்லாம் பொருந்திவிட்டது. அம்மாவின் வட்டத்துக்குப் பக்கத்தில் தங்கைக்கு ஒரு வட்டம், அதன் கீழே ஒரு கறுப்புச் சதுரம். அந்த நேரத்தில் அந்தப் பெண் அழ ஆரம்பித்ததால் அப்பா பக்கத்தைச் சுருக்கிவிட்டாள். “அப்பா பக்கத்துல வேற யாருக்காவது இந்த மாதிரி இருக்கா?” “இல்ல, வேற யாருக்கும் இல்ல.” அந்த ‘வேற’ கேட்டவள், பதில் சொன்னவள் இரண்டு பேரையும் ஏமாற்றிவிட்டது.

அந்த நோய் அம்மா வழியாகத்தான் பையன்களுக்கு இறங்கும். அதனால் கணக்கும் அப்படியே வந்தது. உங்கள் பாட்டியிடம் அது இருந்திருக்கலாம், அப்படியானால் அம்மாவிடம் இருக்கப் பாதிக்குப் பாதி, உங்களிடம் இருக்க அதிகபட்சம் நாலில் ஒரு வாய்ப்பு, ரத்தப் பரிசோதனை செய்து பார்க்கலாம், பையனுடைய ரிப்போர்ட் வேண்டும் என்று சொல்லியிருக்கிறாள். அவர்கள் எழுந்து, “திங்கக்கிழமை ஒரு முடிவோட வரோம்” என்றார்கள். எந்த முடிவு என்று சொல்லவில்லை.

என் மேஜைக்கு வந்தபோது அந்தப் பெண்ணின் முகத்தில் உயிரே இல்லை. “அந்தப் பையன் ரிப்போர்ட்டை எடுத்துட்டு வந்துடுங்கம்மா” என்றேன்.

“அப்பாகிட்டதான் கேக்கணும். அவர் தம்பி பையன்தானே, கேட்டா வாங்கித் தருவார். என்ன காரணம் சொல்றதுன்னுதான் தெரியல.”

“பாத்துச் சொல்லுங்க” என்று சீட்டை நீட்டினேன். அவர்கள் போய்விட்டார்கள்.

உள்ளிருந்து மேடம் சிரித்துக்கொண்டே வந்து, “அருமையாப் பேசினா” என்று என்னிடமே சொல்லிவிட்டுத் தன் அறைக்குப் போனார். அந்த மேடம் ஒருவரைப் பாராட்டி நான் பார்த்ததே இல்லை. பின்னாலேயே ஓடி வந்தவள் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, “அடியே, தேறிட்டேன்டி!” என்று குதித்தாள். நானும் குதித்தேன். நாற்பத்தொரு வயதுப் பொம்பளைகள் இரண்டு பேர் ஆஸ்பத்திரிக் கூடத்தில் கைகோத்துக்கொண்டு குதித்தோம். மூன்றாவது குதியில் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

அவர் தம்பி பையன்.

“ஏய், நில்லு. அந்தச் சித்தி, எந்தச் சித்தி?”

அவள் நின்றாள். நான் அந்தப் பெண் சொன்னதை அப்படியே சொன்னேன். “அப்பாவோட தம்பி சம்சாரமா?” என்றாள் மெதுவாக.

இப்போது நான் சொன்னதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் எழுதுகிறேன். “மேடம் கையெழுத்துப் போடட்டும்டி. திங்கக்கிழமை அவங்க வருவாங்கல்ல, அப்ப சொல்லிக்கலாம்” என்றேன்.

“திங்கக்கிழமைக்குள்ள அவங்க முடிவெடுத்துடுவாங்க!” என்று கத்திவிட்டு அவள் படிக்கட்டுப் பக்கம் பாய்ந்தாள்.

அந்த ஜோடிக்குப் போன் போட்டேன். ஆலோசனை அறைக்குள் போனை அணைத்துவிட வேண்டும் என்று எழுதி ஒட்டியதே நான்தான். அணைத்தது அணைத்தபடி இருந்தது. பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக மேஜையை அம்போவென்று விட்டுவிட்டு நானும் ஓடினேன். இரண்டாவது மாடியில் அவள் செருப்பு ஒன்று கிடந்தது, முதல் மாடியில் இன்னொன்று. இரண்டையும் பொறுக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தால், எதிரே நிறுத்தத்தில் பஸ் கிளம்பிக்கொண்டிருக்கிறது, இவள் வெறுங்காலோடு அதன் பக்கவாட்டைப் படபடவென்று தட்டுகிறாள். உள்ளே அந்த ஜோடி.

பேர் சொல்லிக் கூப்பிட முடியாது. என்ன விஷயம் என்று பத்துப் பேர் நடுவில் சொல்லவும் முடியாது. “ஒரு கேள்வியை விட்டுட்டேன்! இறங்குங்க! ஒரே ஒரு கேள்வி!” என்று கத்தினாள்.

“பரீட்சையாம்மா?” என்றார் ஓட்டுநர்.

“ஆமாங்க!”

அவர் வண்டியை நிறுத்திவிட்டார்.

தெருவில் வைத்து எதுவும் கேட்கவில்லை. லிஃப்டில் நாலு பேரும் மேலே ஏறினோம். அறைக்குள் அவர்களை உட்காரவைத்து, மேடத்தைக் கூப்பிட்டு, அவர்கள் முன்னாலேயே சொன்னாள்: “மேடம், நான் வரைஞ்சது தப்புன்னு நெனைக்கிறேன்.” படிவம் என்னுடையது என்பதால் நானும் இருக்கலாமா என்று அந்தப் பெண்ணிடம் கேட்டார்கள். அது தலையாட்டியது.

“நீங்க சொன்ன சித்தி உங்களுக்கு எப்படிச் சித்தி?”

அந்தப் பெண் விழித்தது. “சித்தப்பாவோட வொய்ஃப். ஏன், சித்தின்னா அதானே?”

நான் வாயைத் திறக்கப் போனேன். அவள் என்னைப் பார்க்காமலேயே கையைக் காட்டி அடக்கினாள். இங்கேதான் இரண்டு வருஷப் படிப்பு என்னவென்று எனக்குப் புரிந்தது. அவசரப்படவே இல்லை. “சில வீட்டுல அண்ணன் தம்பி ரெண்டு பேரும் அக்கா தங்கச்சியையே கட்டியிருப்பாங்க. உங்க அம்மாவுக்கும் அந்தச் சித்திக்கும் கல்யாணத்துக்கு முன்னாடியே ஏதாவது சொந்தம் உண்டா?”

“அக்கா தங்கச்சி இல்ல. ஆனா தூரத்துச் சொந்தம்னு யாரோ சொல்லிக் கேட்டிருக்கேன். அம்மாவைக் கேட்டாத்தான் தெரியும்.”

“போடு” என்றான் கணவன். ஸ்பீக்கரில் போட்டது அந்தப் பெண்.

“என்னடி?” என்றது அம்மாவின் குரல்.

“அம்மா, சித்தி உனக்கு என்ன வேணும்?”

“எந்தச் சித்தி?”

மேடம் நெற்றியில் கை வைத்துக்கொண்டார்.

“நம்ம வீட்டுச் சித்திதான்மா. கல்யாணத்துக்கு முன்னாடியே உனக்குச் சொந்தமா?”

“அவளா? எனக்கா? யாருடி சொன்னது? அவ அண்ணன் பின்னாடி நம்ம பக்கத்துல பொண்ணு எடுத்தார், அதை வெச்சு யாராவது உளறியிருப்பாங்க. அவ எனக்கு ஓரகத்தி, அவ்வளவுதான். ரத்தமும் கிடையாது, ரெண்டு வருஷமா பேச்சும் கிடையாது.”

என் தோழி புதுத் தாள் ஒன்றை எடுத்தாள். அந்த வட்டத்தை அம்மா பக்கத்திலிருந்து பிய்த்து, அப்பாவின் தம்பிக்குப் பக்கத்தில், ஒரு குறுக்குக் கோட்டுக்கு அந்தப்புறம் போட்டாள். “அந்தப் பையனுக்கு அது அவன் அம்மாகிட்டேருந்து வந்திருக்கலாம், புதுசாவும் வந்திருக்கலாம். எப்படி வந்திருந்தாலும் அந்த அம்மாவுக்கும் உங்களுக்கும் ரத்தத் தொடர்பு கிடையாது. நான் சொன்ன நாலில் ஒண்ணுங்கற கணக்கு உங்களுக்குப் பொருந்தாது. ரோட்டுல போற எந்தப் பொண்ணுக்கும் எவ்வளவோ, உங்களுக்கும் அவ்வளவுதான். தப்பு என்னோடது. ஒரு மணி நேரம் உங்களைத் தேவையில்லாமத் தவிக்க விட்டுட்டேன். மன்னிச்சிடுங்க.”

அன்று சாயங்காலம் மேடம் மதிப்பெண் தாளை எடுத்துக் குறுக்கே ஒரு கோடு போடப் போனார். அவர் வெட்டு ஒன்று துண்டு இரண்டு ஆள். “நானும்தான் உக்காந்திருந்தேன், எனக்கும் தோணல. ஆனா விதி விதிதான்” என்றார். “போடுங்க மேடம்” என்றாள் இவள். திங்கட்கிழமை நேர்காணலில் அந்த இடம் ஓர் இருபத்துநாலு வயதுப் பெண்ணுக்குப் போயிற்று. இவள் திரும்பவும் கீழ்த்தளத்துக்குப் போய் எட்டு மாதம் ரத்தம் எடுத்தாள், நடுவில் மறுதேர்வு எழுதித் தேறினாள், அடுத்த இடம் காலியானதும் வந்து சேர்ந்தாள். அந்தப் பட்டியலில் சித்தி, பெரியம்மா, மாமா எல்லாவற்றுக்கும் இரண்டு இரண்டு வரி போடவைக்க நான் கம்ப்யூட்டர்காரர்களோடு போட்ட சண்டையைத் தனியாகத்தான் எழுத வேண்டும்.

ஆனால் அன்று அந்த அறையில் யாரும் தேர்வை நினைக்கவில்லை. கணவன் கோப்பைக் கீழே வைத்துவிட்டு முகத்தை மூடிக்கொண்டிருந்தான். மேஜைமேல் போன் இன்னும் அணையாமல் கிடந்தது.

“ஏய், யாருடி அங்க பேசறது? ரத்தம்கறாங்க, பையன்கறாங்க. எதுக்குடி கேட்டே?”

அந்தப் பெண் கணவனைப் பார்த்தது. அவன் தலையாட்டினான்.

“அம்மா, நான் உண்டாகியிருக்கேன். ஒன்பது வாரம்.”

அந்தப் பக்கம் பாத்திரமோ என்னவோ விழுகிற ஓசை. அப்புறம் போனைக் கையில் பிடித்துக்கொண்டே அந்த அம்மா வீட்டுக்குள் யாரையோ கூப்பிட்டார்கள், எங்கள் காது கிழிந்தது. “ஏய், இங்க வாடி! சீக்கிரம் வா! அவன் சாப்பாட்டை அப்புறம் ஊட்டலாம், வான்னு சொல்றேன்ல!”

யாரோ வேகவேகமாக நடந்து வருவது கேட்டது. ரொம்ப நாளாகக் கூப்பிடாதவர் கூப்பிட்டதில் பயந்துபோன ஒரு குரல், “என்னக்கா, என்ன ஆச்சு?” என்றது. “இந்தா, நீயே கேளு” என்று போன் கைமாறியது.

“சொல்லு கண்ணு, என்ன ஆச்சு?”

அந்தப் பெண் போனை இரண்டு கையாலும் எடுத்துக்கொண்டது. “சித்தி,” என்றது. அதற்குமேல் வரவில்லை. அழுதது, சிரித்தது, மறுபடியும் ஆரம்பித்தது. “சித்தி, நீங்க பாட்டியாகப் போறீங்க.”

நாங்கள் மூன்று பேரும் எழுந்து வெளியே வந்து கதவைச் சாத்தினோம்.